ஒருக்கா நூத்திட்டுப் போடு: ஒரு ரவுட்டரின் பழுதும் அதன் வரலாறும்

எங்கட வீட்டில வைஃபை வேலை செய்யாவிட்டால் அம்மாவிடம் ஒரே ஒரு மருந்துதான் இருக்கு. "ஒருக்கா நூத்திட்டுப் போடு." ரவுட்டரின் சுவிட்சை நூர்த்து, பத்து எண்ணி, திரும்பப் போட்டால் பத்துத் தரத்தில எட்டுத் தரம் சரிவந்துவிடும். ஏன் சரிவருகிறது என்று அம்மாவுக்குத் தெரியாது. உண்மையைச் சொன்னால் இரண்டு மாதத்துக்கு முன்னம் வரைக்கும் எனக்கும் தெரியாது.

இந்த ரவுட்டர் எங்கட வீட்டுக்கு வந்தது 2020இல். பள்ளிக்கூடமும் கம்பசும் பூட்டின காலம். அண்டைக்குத் தொடக்கம் அது டிவிக்குப் பக்கத்தில், அலுமாரி மேல், ஒரு துணி விரிப்பின் மேல இருந்துகொண்டு வேலை செய்தது. இப்ப தம்பி ஏ.எல். எடுக்கப்போறான். பின்னேரம் ஆறரைக்கு அவனுக்கு சூமில் வகுப்பு. வகுப்பு நடுவில நெட் போகும், வரும், திரும்பவும் போகும். ஒருநாள் சோதனை எழுதிக்கொண்டிருக்கும்போதே போய்விட்டது. அம்மாவின் தீர்ப்பு: "இரவிரவாக் கேம் விளையாடி நெட்டைப் பழுதாக்கிப் போட்டான்." தம்பியின் தீர்ப்பு: "கொம்பனிக்காரன் ஏமாத்துறான்." அப்பா மட்டும் ஒரு நியாயமான கேள்வி கேட்டார்: "புதுசு ஒண்டு வாங்கலாம். வாங்கினாப் பிறகும் இப்பிடித்தான் எண்டால் என்ன செய்யிறது?"

நான் வரலாறு படிக்கிறவள். கணினி படிக்கவில்லை. ஆனால் அப்பாவின் கேள்வி எங்கட முதலாம் வருடப் பாடத்துக்குள்ள வாற கேள்வி. ஈ.எச். கார் 1961இல் கேம்பிரிட்ஜில் நிகழ்த்திய விரிவுரைகள்தான் பின்னர் 'வரலாறு என்றால் என்ன?' என்ற புத்தகமாக வந்தன. அதில் காரணங்கள் பற்றிய அத்தியாயத்தில் ஒரு வீதி விபத்துக் கதை வரும். ஜோன்ஸ் என்பவர் அளவுக்கு மீறிக் குடித்துவிட்டு, பிரேக் சரியில்லாத காரில், வளைவில் எதிரே ஒன்றும் தெரியாத இடத்தில், ரொபின்சன் என்பவரை இடித்துக் கொன்றுவிடுகிறார். ரொபின்சன் வீதியைக் கடந்தது சிகரட் வாங்க. அப்ப விபத்துக்குக் காரணம் குடியா, பிரேக்கா, வளைவா, சிகரட்டா? சிகரட் ஆசை இல்லாவிட்டால் ரொபின்சன் செத்திருக்க மாட்டார் என்பது உண்மைதான். ஆனால் அந்த உண்மையை வைத்து அடுத்த விபத்தைத் தடுக்க முடியாது. குடி, பிரேக், வளைவு ஆகியவற்றை வைத்துத் தடுக்கலாம். தற்செயலான காரணத்தையும், மற்ற இடங்களுக்கும் பொருந்துகிற காரணத்தையும் பிரித்தெடுப்பதுதான் வரலாற்றாசிரியரின் வேலை என்கிறார் கார்.

சரி, இதை ரவுட்டரில் செய்து பார்ப்பம் என்று தொடங்கினேன். அது என்னை ஹவாய்க்கும் நெதர்லாந்துக்கும் ஒரு பழைய நீல நிற ரவுட்டரின் கதைக்கும் கொண்டுபோய் விட்டது.

மூலாதாரம்: ஒரு கொப்பி

முதல் வேலை, சாட்சிகளின் ஞாபகத்தை நம்பாமல் எழுத்தில் ஆதாரம் சேர்த்தது. ஒரு கொப்பியை ரவுட்டருக்குப் பக்கத்தில் வைத்தேன். நெட் போனால் நேரம், எந்த லைட் எரிந்தது, அந்த நேரம் வீட்டில என்ன நடந்தது, இந்த மூன்றையும் எழுத வேண்டும். இரண்டு கிழமை. அம்மா கூட எழுதினா.

கூடவே ஒரு எளிய பரிசோதனை. லப்டொப்பை லான் கேபிளால் நேரே ரவுட்டரில் கொழுவிப் பார்ப்பது. கேபிளில் நெட் ஒழுங்காக வந்து, வைஃபையில் வராவிட்டால் பழுது காற்றில் இருக்கிறது. கேபிளிலும் வராவிட்டால் பழுது ரவுட்டரில், அல்லது வெளியில இருந்து வாற இணைப்பில். இந்தப் பரிசோதனையைச் செய்யாமல் புது ரவுட்டர் வாங்கிற ஆக்கள்தான் கூட.

இரண்டு கிழமை முடிய, "நெட் போகுது" என்று நாங்கள் ஒரே பெயரில் சொல்லிக்கொண்டிருந்தது மூன்று வேறு பழுதுகள் என்று தெரிந்தது. ஒன்று: இரவு எட்டு மணிக்குப் பிறகு வைஃபை இழுபடும், கேபிளில் நல்லா இருக்கும். இரண்டு: நாலைந்து நாளுக்கு ஒருக்கா எல்லா லைட்டும் எரியும், ஆனால் ஒரு பக்கமும் திறக்காது. இதுக்குத்தான் அம்மாவின் மருந்து. மூன்று: திடீரென்று எல்லா லைட்டும் நூர்ந்து, தானே திரும்ப எரியும். தம்பியின் சோதனையைக் குழப்பினது இந்த மூன்றாவது.

மூன்றுக்கும் மூன்று வரலாறு இருக்கு.

ஒரே காற்றில் எல்லாரும்

வைஃபையின் பழைய வேர்களில் ஒன்று ஹவாயில் இருக்கிறது. ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் கிளைகள் வெவ்வேறு தீவுகளில். பெரிய கணினி இருந்ததோ ஒஹாகு தீவில். தொலைபேசி லைன்கள் விலையும் கூட, தரமும் குறைவு. நோர்மன் ஏப்ராம்சன் என்ற பேராசிரியரும் அவருடைய குழுவினரும் லைனை விட்டுவிட்டு வானொலி அலையில் கணினிகளை இணைத்தார்கள். 1971இல் வேலை செய்யத் தொடங்கிய அந்த வலையமைப்புக்குப் பெயர் அலோஹாநெட்.

அதிலிருந்த பிரச்சினை எல்லாருக்கும் தெரிந்தது. ஒரே அறையில் எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்தால் ஒருவருக்கும் ஒன்றும் விளங்காது. ஏப்ராம்சனின் தீர்வு ஆச்சரியப்படுகிற அளவுக்கு எளிமையானது. யாரும் வரிசை கட்ட வேண்டாம். சொல்ல இருப்பதைச் சொல்லுங்கோ. மற்றப் பக்கத்தில் இருந்து "கிடைத்தது" என்று பதில் வராவிட்டால், மோதிவிட்டது என்று எடுத்துக்கொண்டு, கொஞ்ச நேரம் பொறுத்துத் திரும்பச் சொல்லுங்கோ. எவ்வளவு நேரம் பொறுப்பது என்பது ஒவ்வொருவருக்கும் எழுந்தமானமாக வேறுபடும். அதனால் அதே இருவர் திரும்பவும் மோதுகிற வாய்ப்புக் குறைவு.

எளிமைக்கு ஒரு விலை இருந்தது. இந்த முறையில் அலைவரிசையின் கொள்ளளவில் ஆகக்கூடியது ஏறத்தாழ 18 வீதம்தான் பயன்படும். மிச்சம் மோதலிலும் காத்திருப்பிலும் போய்விடும். பிறகு வந்தவர்கள் இதைத் திருத்தினார்கள். ரொபர்ட் மெட்காஃப் 1973இல் ஈதர்நெட்டை உருவாக்கும்போது அலோஹாவைப் படித்துத்தான் தொடங்கினார். இண்டைக்கு வைஃபை "முதல்ல கேள், ஒருவரும் கதைக்காவிட்டால் கதை" என்ற ஒழுங்கில் இயங்குகிறது. ஆனாலும் அடிப்படை அதுதான்: காற்று ஒன்று, பேசுபவர் பலர், மோதினால் எழுந்தமானமாகப் பொறு.

இரவு எட்டு மணிக்கு எங்கட வைஃபை இழுபட்டதன் காரணம் இதுக்குள்ள இருக்கு. அந்த நேரம் எங்கட ஒழுங்கையில் எல்லா வீட்டிலயும் ரவுட்டர் வேலை செய்யும். போனில் ஒரு இலவசச் செயலியைப் போட்டுப் பார்த்தால் எங்கட வீட்டுக்குள்ள பதினொரு வைஃபை பெயர்கள் தெரிந்தன. அதில் ஏழு ஒரே சனலில். 2.4 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் சனல்கள் பத்துக்கு மேல் இருந்தாலும், ஒன்றோடொன்று முட்டாமல் இருக்கக்கூடியவை 1, 6, 11 என்ற மூன்றுதான். நாங்கள் 6இல் இருந்து 11க்கு மாறினோம். செலவு இல்லை. இரவு இழுபறி பாதிக்கு மேல் குறைந்தது.

குப்பையாகக் கிடந்த அலைவரிசை

ஏன் எல்லா வீடும் இந்த ஒரு சின்ன இடத்துக்குள்ள நெருக்குப்படுகிறது? வானொலி அலைவரிசைகள் காணி மாதிரி. அரசாங்கம் ஒதுக்கிக் கொடுக்கும். உரிமம் இல்லாமல் பாவிக்க ஏலாது. இந்த ஒழுங்கில் அமெரிக்கா 1985இல் ஒரு ஓட்டை போட்டது. அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையத்தில் வேலை செய்த மைக்கல் மார்க்கஸ் என்ற பொறியியலாளரின் முயற்சியால், மூன்று அலைவரிசைப் பட்டைகளை உரிமம் இல்லாமல் யாரும் பாவிக்கலாம் என்று விட்டார்கள். அவை ஏற்கனவே மைக்ரோவேவ் அடுப்பு போன்ற பொருட்கள் இரைச்சல் கிளப்பிக்கொண்டிருந்த இடங்கள். பெறுமதியான தொலைத்தொடர்புக்கு உதவாது என்று கருதப்பட்ட குப்பைக் காணி.

ஒரு நிபந்தனையும் போட்டார்கள். இங்கே இயங்கும் கருவி மற்றவரைக் குழப்பக்கூடாது. மற்றவர் குழப்பினால் பொறுத்துக்கொள்ள வேண்டும், முறைப்பாடு செய்ய இயலாது. பல ரவுட்டர்களின் அடியில் பொடி எழுத்தில் இந்த நிபந்தனை இன்றைக்கும் அச்சிடப்பட்டிருக்கும். எங்கட ரவுட்டரைத் திருப்பிப் பார்த்தேன், இருந்தது. வாசலிலேயே எழுதி ஒட்டியிருக்கிறார்கள், நாங்கள்தான் வாசிக்கவில்லை.

அந்தக் குப்பைக் காணியில் முதலில் குடியேறியவர்களில் ஒரு காசுப் பதிவு இயந்திரக் கொம்பனியும் ஒன்று. என்.சி.ஆர். என்ற அந்த அமெரிக்க நிறுவனத்துக்குக் கடைகளில் வயர் இழுக்காமல் இயந்திரங்களை இணைக்க வேண்டியிருந்தது. நெதர்லாந்தில் இருந்த அதன் பொறியியலாளர்கள் அதற்காக ஒரு கருவியைச் செய்தார்கள். ஆனால் ஒவ்வொரு கொம்பனியும் தன் பாட்டுக்குச் செய்தால் ஒன்றின் கருவி மற்றதோடு கதைக்காது. அதனால் 1990இல் பொது நியமம் ஒன்றுக்கான குழு தொடங்கியது. அதற்குப் பத்து வருடம் தலைமை தாங்கியவர் என்.சி.ஆரில் இருந்த விக் ஹேய்ஸ். 802.11 என்ற அந்த நியமம் 1997இல் வெளிவந்தது. வேகம் நொடிக்கு 2 மெகாபிட். 1999இல் 11 மெகாபிட் ஆனது. அதே வருடம் ஒரு விளம்பர ஆலோசனை நிறுவனம் "வைஃபை" என்ற பெயரைக் கொடுத்தது. அதே வருடம் யூலையில் ஸ்டீவ் ஜொப்ஸ் நியூயோர்க் மேடையில் ஒரு லப்டொப்பைத் தூக்கிப்பிடித்து, அதைச் சுற்றி ஒரு வளையத்தை விட்டு எடுத்து, வயர் இல்லை என்று காட்டினார். கடைக்குச் செய்த பொருள் வீட்டுக்குள்ள வந்தது அப்பதான்.

வீட்டுக்குள்ள வந்ததும் சுவர் என்ற பிரச்சினை பெரிதானது. அலை சுவரில், கண்ணாடியில், அலுமாரியில் பட்டுத் தெறித்து, ஒரே செய்தி பல தரம் முன்னுக்குப் பின்னாக வந்து சேரும். இந்த எதிரொலியைச் சமாளிக்கும் வழிகளில் ஒன்றைக் கண்டுபிடித்தது அவுஸ்திரேலிய அரச ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. அதன் குழுவில் இருந்த ஜோன் ஓ'சலிவன் அதற்கு முன் செய்தது வானியல். வெடித்துச் சிதறும் சின்னக் கருந்துளைகளின் வானொலிச் சத்தத்தைத் தேடினார். கருந்துளை அகப்படவில்லை. குழம்பிய அலையைத் தெளிவாக்கும் கணித அறிவு மட்டும் மிஞ்சியது. அவருடைய குழுவுக்கு 1996இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பின்னர் நீண்ட வழக்குகளுக்குப் பிறகு அந்த நிறுவனத்துக்கு 40 கோடி அவுஸ்திரேலிய டொலருக்கு மேல் வந்தது.

இவ்வளவு பேர் இவ்வளவு பாடுபட்டுக் குழப்பத்தைக் குறைத்திருக்க, நாங்கள் ரவுட்டரை இரும்பு அலுமாரிக்கு மேல, சுவர் மூலையில வைத்திருந்தோம். அதைக் கழற்றி விறாந்தைக்கும் தம்பியின் அறைக்கும் நடுவில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் ஆணியடித்து மாட்டினேன். இதுக்கும் செலவு இல்லை.

அம்மாவின் மருந்து ஏன் பலிக்குது

இனி இரண்டாவது பழுது. லைட் எல்லாம் எரியும், நெட் மட்டும் வராது, நூர்த்துப் போட்டால் வரும்.

இணையத்தில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரி வேண்டும். 1981இல் வகுத்த முறையில் கிடைக்கக்கூடிய முகவரிகள் ஏறத்தாழ 430 கோடி. அந்தக் காலத்தில் அது தீராத தொகை. 1990களின் தொடக்கத்திலேயே தீரப்போகிறது என்று தெரிந்துவிட்டது. புதிய, நீளமான முகவரி முறை வரும்வரைக்கும் ஒரு தற்காலிக ஏற்பாடு 1994இல் எழுதப்பட்டது. வீட்டுக்கு ஒரு முகவரி போதும், வீட்டுக்குள்ள இருக்கிற கருவிகளுக்கு உள்முகவரிகளை ரவுட்டர் கொடுத்து, யார் யாரோட கதைக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் வைத்துக் கொள்ளட்டும் என்பது ஏற்பாடு. கிராமத்துத் தபால் பெட்டி ஒன்றுக்கு முழு ஒழுங்கையின் கடிதமும் வர, ஒருவர் பிரித்துக் கொடுக்கிற மாதிரி. 2011 பெப்ரவரியில் பழைய முறையின் கடைசி முகவரித் தொகுதிகளும் பங்கிடப்பட்டு முடிந்தன. தற்காலிக ஏற்பாடு இண்டைக்கும் எங்கட வீட்டில ஓடுது. இலங்கையில் இருக்கிற எங்களுக்குத் "தற்காலிகம்" என்ற சொல்லின் ஆயுள் பற்றி யாரும் படிப்பிக்கத் தேவையில்லை.

அந்தப் பட்டியல் ரவுட்டரின் நினைவகத்தில் இருக்கிறது. மலிவான ரவுட்டரில் நினைவகம் சிறியது. 2020இல் எங்கட வீட்டில இணைப்பில் இருந்தது இரண்டு போனும் ஒரு லப்டொப்பும். இப்ப ஐந்து போன், இரண்டு லப்டொப், ஒரு டிவி. ஒரு போனே ஒரே நேரத்தில் பத்துக்கணக்கான இணைப்புகளைத் திறக்கும். மென்பொருளில் சின்னப் பிழை இருந்தால், முடிந்துபோன இணைப்புகளைக்கூடப் பட்டியலில் இருந்து வெட்டாமல் சேர்த்து வைத்துக்கொண்டே போகும். பட்டியல் நிறைந்தால் புது ஆளுக்கு இடமில்லை. நூர்த்துப் போட்டால் பட்டியல் முழுக்க அழிந்து வெறுமையில் இருந்து தொடங்கும். அம்மாவின் மருந்து நோயைச் சுகமாக்கவில்லை, ஆனால் மருந்து பொய்யும் இல்லை.

இந்த மருந்தை ஒருமுறை அமெரிக்காவின் எப்.பி.ஐ.யே எழுதிக் கொடுத்திருக்கிறது. 2018 மே மாதம், பல நாடுகளில் குறைந்தது ஐந்து லட்சம் ரவுட்டர்களுக்குள்ளும் அது போன்ற கருவிகளுக்குள்ளும் ஒரு தீய மென்பொருள் புகுந்தது தெரியவந்தபோது, வீட்டிலும் சிறு அலுவலகங்களிலும் ரவுட்டர் வைத்திருக்கும் எல்லாரும் அதை ஒருக்கா நூர்த்துப் போடுங்கள் என்று அந்த நிறுவனம் பொதுமக்களைக் கேட்டது. அதனால் தீய மென்பொருளின் ஒரு பகுதிதான் அழியும். முழுவதும் போக வேண்டுமானால் கருவியைத் தொழிற்சாலை நிலைக்குத் திருப்பிப் புதிய மென்பொருள் ஏற்ற வேண்டும். அம்மாவிடம் இதைச் சொன்னேன். "நான் அப்பவே சொன்னனான்" என்றா.

மோட்டரும் கப்பாசிற்றரும்

மூன்றாவது பழுதைக் கண்டுபிடித்தது நான் இல்லை, கொப்பி. ரவுட்டர் தானே நூர்ந்து எரிந்த நேரங்களைப் பார்த்தால் காலை ஆறு மணியை ஒட்டியும் பின்னேரம் ஆறரை, ஏழை ஒட்டியும் கூடி நின்றன. "வீட்டில என்ன நடந்தது" என்ற நிரலில் அம்மாவின் கையெழுத்தில் பல தரம் ஒரே சொல்: மோட்டர்.

கிணற்று மோட்டர் தொடங்கும் அந்த நொடியில் நிறையக் கரண்ட் இழுக்கும். வீட்டு வோல்டேஜ் ஒரு கணம் விழும். பல்ப் ஒருக்கா மங்கித் தெளியும், பார்த்திருப்பீர்கள். நல்ல அடப்டர் அந்தக் கணத்தைத் தாண்டிவிடும். ஏனென்றால் அதற்குள்ள கப்பாசிற்றர் இருக்கு. பள்ளிக்கூடப் புத்தகத்தில் கொள்ளளவி என்று படித்த அதே சாமான். தொட்டியில் தண்ணி மாதிரி மின்னைச் சேர்த்து வைத்திருந்து, மேலிருந்து வாறது குறையும்போது கொடுக்கும். அந்தக் கப்பாசிற்றருக்குள் ஒரு திரவம் இருக்கிறது. வருடக்கணக்கில் சூட்டில் கிடந்தால் அது காய்ந்துபோகும். பத்து பாகை சூடு கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது மின்னணுத் தொழிலில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. 2000களின் தொடக்கத்தில் தரம் குறைந்த திரவம் நிரப்பிய கப்பாசிற்றர்கள் சந்தைக்கு வந்து, உலகம் முழுக்கக் கணினிகளும் மற்றக் கருவிகளும் தலை வீங்கி வெடித்துப் பழுதான கதை ஒன்றும் உண்டு. எங்கட அடப்டருக்கு அப்படி ஒரு பெரிய கதை தேவைப்படவில்லை. ஐந்து வருட வெயில், டிவிக்குப் பின்னால் காற்றோட்டம் இல்லாத மூலை, 2022இல் கரண்ட் ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் வரைக்கும் போய்ப் போய் வந்த காலம், இவ்வளவும் போதும்.

அடப்டரைப் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். அண்ணை மீற்றரை வைத்துப் பார்த்தார். வெறுமனே பார்த்தால் 12 வோல்ட் சரியாகக் காட்டியது. ரவுட்டரைக் கொழுவினதும் பத்துக்குக் கீழ விழுந்தது. "தங்கச்சி, ரவுட்டருக்கு ஒண்டுமில்ல. சாப்பாடு காணாது அதுக்கு" என்றார். அதே வோல்டேஜ், அதே முனை, அம்பியர் குறையாத வேறு அடப்டர் ஒன்று மாற்றினோம். மோட்டர் போட்டாலும் ரவுட்டர் அசையவில்லை.

வீட்டில வழக்கின் தீர்ப்பை வாசித்தேன். தம்பியின் கேம் குற்றவாளி இல்லை. கொம்பனியும் இல்லை. உடனடிக் காரணம் அம்மாவின் மோட்டர். அம்மா கொஞ்சமும் அசரவில்லை. "அப்ப மோட்டர் போடாமல் தண்ணிக்கு என்ன செய்யிறது?" கார் சொன்னதும் அதுதான். மோட்டர் ரொபின்சனின் சிகரட் மாதிரி. அது இல்லாவிட்டால் ரவுட்டர் நூர்ந்திருக்காது என்பது உண்மை, ஆனால் அதைக் குற்றம் சொல்லிப் பிரயோசனம் இல்லை. பிரேக் தேய்ந்திருந்தது அடப்டரில்.

பிறகு ஏன் மாற்றினோம்

கதை இங்கே முடிந்திருக்கலாம். செலவு ஒரு அடப்டர் மட்டும். ஆனால் இரண்டாவது பழுது, அந்த நினைவகப் பிரச்சினை, அப்படியே இருந்தது. மென்பொருளில் பிழை என்றால் புது மென்பொருள் ஏற்றலாமே என்று தேடினேன். எங்கட ரவுட்டருக்குக் கடைசியாக மென்பொருள் வந்தது நாங்கள் அதை வாங்குவதற்கு முந்தின வருடம். அதாவது, நாங்கள் பெட்டியைத் திறக்கும்போதே செய்த நிறுவனம் அதைக் கைவிட்டிருந்தது.

இப்பதான் அந்த நீல நிற ரவுட்டரின் கதை. 2002 முடிவில் லிங்சிஸ் நிறுவனம் டபிள்யு.ஆர்.ரி.54ஜி என்ற வீட்டு ரவுட்டரை வெளியிட்டது. அடுத்த வருடம் சிஸ்கோ அந்த நிறுவனத்தை வாங்கியது. அதே காலத்தில் சில நிரலாளர்கள் ரவுட்டரின் உள்மென்பொருளைக் குடைந்து பார்த்து, அது லினக்ஸ் என்று கண்டுபிடித்தார்கள். லினக்ஸின் உரிமத்தில் ஒரு நிபந்தனை: அதை வைத்துப் பொருள் செய்து விற்றால் மூலநிரலையும் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும். லிங்சிஸ் கொடுக்கவில்லை. அழுத்தம் வந்தபின் 2003இல் வெளியிட்டது. அந்த நிரலை எடுத்துத் திருத்தி, அடுத்த வருடம் ஓப்பன்டபிள்யுஆர்ரி என்ற திட்டம் தொடங்கியது. நிறுவனம் கைவிட்ட ரவுட்டர்களுக்குத் தொண்டர்கள் புது மென்பொருள் எழுதினார்கள். மலிவான ஒரு பெட்டி, தயாரித்தவர்கள் நினைக்காத வேலைகளை எல்லாம் செய்தது.

2005இல் நிறுவனம் அதே பெயரில் புதிய பதிப்பு ஒன்றை விட்டது. நினைவகம் பாதி. லினக்ஸ் இல்லை. வெளிப்பார்வைக்கு அதே நீலப் பெட்டி. வாங்கியவர்கள் எதிர்த்தபின், பழைய உள்ளடக்கத்தோடு இன்னொரு பெயரில், கூடின விலைக்கு விற்றது. ஒரே தோற்றத்துக்குள்ள உள்ளே குறைத்து விற்பது எங்களுக்குப் புதுசில்லை. ஆனால் எதிர்த்துக் கேட்டதால் ஒரு வழி திறந்தது என்பதையும் சேர்த்து எழுதவேண்டும்.

கைவிடப்பட்ட மென்பொருளின் ஆபத்து நெட் இழுபடுவதோடு நிற்காது. 2016 நவம்பரில் ஜேர்மனியில் டொய்ச்ச ரெலிகொம் வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ ஒன்பது லட்சம் பேரின் ரவுட்டர்கள் ஒரேயடியாகத் தடுமாறின. மிராய் என்ற தீய மென்பொருளின் ஒரு வகை, தான் புகக்கூடிய ரவுட்டர்களை உலகெங்கும் தேடிக்கொண்டு போனதன் விளைவு அது. அந்த நிறுவனம் விரைவாகத் திருத்திய மென்பொருளை அனுப்பி, ரவுட்டரை நூர்த்துப் போடச் சொன்னது. அனுப்ப ஒருவர் இருந்ததால் அது முடிந்தது. எங்கட ரவுட்டருக்கு அப்படி அனுப்ப ஒருவரும் இல்லை. தொண்டர்களின் பட்டியலிலும் தேடினேன். அதன் சிப்புக்கு ஆதரவு இல்லை.

ஆகவே மாற்றினோம். அப்பாவின் கேள்விக்கு இப்ப பதில் இருந்தது. முதலிலேயே வாங்கியிருந்தால், புது ரவுட்டரும் அதே இரும்பு அலுமாரிக்கு மேல, அதே நெரிசல் சனலில் இருந்திருக்கும். அடப்டர் பெட்டியோடு வருவதால் மூன்றாவது பழுது மட்டும் போயிருக்கும், ஏன் போனது என்று தெரியாமல். இந்தமுறை கடையில் நாங்கள் கேட்டது வேகத்தை இல்லை. இதற்குக் கடைசியாக எப்ப மென்பொருள் வந்தது? 5 கிகாஹேர்ட்ஸ் அலைவரிசை இருக்கா? டபிள்யு.பி.ஏ.3 பாதுகாப்பு இருக்கா? தொண்டர்களின் மென்பொருள் இதில் ஏறுமா? கடைக்காரருக்கு முதல் கேள்வியே புதுசு. பெட்டியில் உள்ள மொடல் பெயரைப் படம் எடுத்து, வெளியில நின்று போனில் பார்த்து, திரும்ப உள்ளே போய் வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை, அது வந்தபடியே இருந்த கடவுச்சொல்லை மாற்றி மென்பொருளைப் புதுப்பித்தது.

பழையதின் வைஃபையை நிறுத்திவிட்டு, இணைய இணைப்பு இல்லாமல், தம்பி தன் அறையில் இரண்டு லப்டொப்பைக் கேபிளால் இணைத்துக் கோப்பு மாற்றப் பாவிக்கிறான். அப்படிப் பாவித்தால் வெளியில இருந்து யாரும் அதற்குள் வர வழியில்லை.

கொப்பி இன்னும் புது ரவுட்டருக்குப் பக்கத்தில தொங்குது. ஆறு கிழமையில் ஒரே ஒரு பதிவு, அம்மாவின் கையெழுத்தில்: "நெட் இல்ல. கரண்டும் இல்ல."